வண்டி அவிழ்க்கும் இடம்

பாரிஸ் நகரின் புறப்பகுதியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் மின்னஞ்சல் எழுதியிருந்தார். மேலூர்ப் பக்கத்தில் பிறந்தவர். மனைவி யாழ்ப்பாணத்துக்காரர். பத்து வயதிலும் ஏழு வயதிலுமாக இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறை வந்ததும் பிரான்சின் உட்பகுதியில் பழைய கல்வீடுகளும் பழந்தேவாலயம் ஒன்றும் உள்ள சிற்றூராகப் பார்த்து, அதன் அருகில் கூடாரமடித்து ஒரு வாரம் தங்கிவிட்டு வருவது அவர்கள் வீட்டு வழக்கம். வரும் தை மாதம் மதுரைக்கு வரவிருப்பதாகவும், இங்கும் அதுபோல் தங்கவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பதாகவும் எழுதி, ‘மதுரையைச் சுற்றி, வரலாறு உள்ள ஓர் ஊரின் பக்கத்தில், குடும்பத்தோடு இரண்டு இரவு வெட்டவெளியில் தங்க நல்ல இடம் எது?’ என்று கேட்டிருந்தார்.

‘அந்த வழக்கமெல்லாம் நம் ஊரில் கிடையாது, நல்ல விடுதியாகப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று இரண்டு வரி எழுதினேன். அனுப்பும் முன்பே அது பொய் என்று உறைத்தது. அழித்துவிட்டேன். அந்த வழக்கம் நம்மிடம் இருந்தது. ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அதை நாம் வேறு பெயர்களால் அழைத்துவந்தோம் என்பதுதான் வேறுபாடு. நண்பருக்கு நான் எழுத நினைத்த பதில் ஒரு மின்னஞ்சலுக்குள் அடங்குவதாக இல்லை. மேலும் அது அவர் ஒருவருக்கான பதிலும் அன்று. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

*

சித்திரை மாதத்தில் அழகர் தம் மலையைவிட்டு இறங்கி வைகைக்கு வருகிறார். அவருக்கு முன்னும் பின்னுமாகச் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கூண்டுவண்டி கட்டிக்கொண்டு புறப்பட்ட காலம் மதுரைக்காரர்கள் பலருடைய நினைவில் இன்னும் இருக்கிறது. வண்டியில் அரிசியும் பருப்பும், பாத்திரமும் பாயும், கைக்குழந்தைக்குத் தூளி கட்டச் சேலையும் இருக்கும். இப்போது மாட்டுவண்டியின் இடத்துக்கு டிராக்டரும் குட்டியானையும் வந்துவிட்டன. ஆனால் வழிநெடுக உள்ள மண்டகப்படிகள் அப்படியே இருக்கின்றன. அழகர் ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று, இளைப்பாறி, எழுந்து வருகிறார். தல்லாகுளத்தில் எதிர்சேவை, ஆற்றில் இறங்கிய பின் வண்டியூர், தேனூர் மண்டபம், இராமராயர் மண்டபம் என்று அவருடைய பயணமே தங்கித் தங்கிச் செல்வதாக அமைந்திருக்கிறது. உடன்வரும் சனங்களும் அங்கங்கே நிழல் பார்த்துத் தங்குகிறார்கள்.

அழகர்கோயிலின் கோட்டைச் சுவர்களுக்குள் இன்னொரு விதமான தங்கலைப் பார்க்கலாம். பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து, பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா என்று ஏதேனும் ஒரு காரணத்தோடு குடும்பங்கள் வரும். மரத்தடியில் அடுப்புக் கூட்டி, சமைத்து, உறவெல்லாம் சேர்ந்து உண்டு, கிடந்து, எழுந்து போகும். நகரத்தவர் பார்வையில் இது வழிபாடு. வழிபாட்டின் பெயரால் நடக்கும் குடும்ப உலா என்றும் இதைச் சொல்லலாம். இந்தக் கோயிலுக்கும் சுற்றியுள்ள நாட்டுப்புறச் சாதிகளுக்கும் உள்ள உறவைத் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்த நூலைப் படித்தவர்களுக்கு, கள்ளர், இடையர், பள்ளர், வலையர் என்று பல திறத்து மக்களும் அந்தக் கோயிலோடு உரிமை கொண்டாடும் வகை தெரிந்திருக்கும்.

என் தாத்தா வண்டி ஓட்டி வந்த காலத்தை நான் பார்த்ததில்லை. அவர் பேருந்தில் எங்களை அழைத்துப்போன காலத்தைப் பார்த்திருக்கிறேன். பேருந்தைவிட்டு இறங்கிய பின்னும் அவருக்கு வண்டிக்காரரின் கண்தான். மூட்டைகளை உடனே இறக்கவிடமாட்டார். முதலில் தண்ணீர் எங்கே என்று பார்ப்பார். பிறகு வெயில் சாயும்போது நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்ப்பார். மூன்றாவதாக, பக்கத்தில் நிற்கும் யாரையாவது கூப்பிட்டு, “இது யாரு எடம்ப்பா? நாங்க இங்கன வண்டிய அவுக்கலாமா?” என்று கேட்பார். வண்டி இல்லாத நாளிலும் அதே சொற்களில்தான் கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரும். நண்பரின் கேள்விக்கு விடை தேடியபோது, முதல் இரண்டைவிட இந்த மூன்றாவது கேள்வியே முக்கியமானது என்று எனக்குப் பட்டது.

*

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இருக்கும் கற்படுக்கைகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், அழகர்மலை எனப் பல இடங்களில் இயற்கைக் குகைத்தளங்களும், அவற்றில் வெட்டிய படுக்கைகளும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. ஊர்மக்கள் இவற்றில் பலவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். மழைக்காலத்தில் பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்கவேண்டும் என்ற நெறியுடைய சமணத் துறவியருக்காக இவை அமைக்கப்பட்டன என்பது அறிஞர் கருத்து.

இடத் தேர்வைக் கவனியுங்கள். குகைத்தளத்தின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பாறையில் வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்த விளிம்போடு வெளியே சொட்டிவிடும். எழுத்துகள் பல இடங்களில் அந்தக் காடியை ஒட்டியே இருக்கின்றன. பக்கத்தில் சுனை இருக்கும். ஊர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கும். ஆனால் ஊருக்குள் இராது. துறவி இறங்கிப்போய் உணவு பெற்று வரலாம். ஊர்க்காரர் ஏறிவந்து அறம் கேட்கலாம்.

யார் செய்துகொடுத்தார்கள் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரும் அவனுடைய அலுவலன் பெயரும் வெள்ளறை வணிகக் குழுவும் குறிக்கப்படுகின்றன. அழகர்மலைக் குகைத்தளத்தில் உப்பு வணிகன், பாணிதம் என்னும் வெல்லப்பாகு விற்றவன், கொழு விற்றவன், துணி விற்றவன், மதுரைப் பொன் வணிகன் எனச் சாதாரண வியாபாரிகளின் பெயர்கள் வருகின்றன. அரசன் மட்டுமல்லாமல் உப்பு விற்றவனும் யாரோ ஒருவரின் இரவுத் தங்கலுக்காகக் காசு கொடுத்திருக்கிறான். பிற்காலத்தில் இராணி மங்கம்மாள் காலத்துச் சத்திரமும் சாலையோர மரமும் இதன் தொடர்ச்சிதான். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் உள்ள சத்திரத்தைப் பார்க்காமல் வெளியூர்க்காரர் நகருக்குள் நுழைய முடியாது.

ஆக, தங்குபவன் தானாக ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒருவர் இடம் அமைத்துக் கொடுத்தார், இன்னொருவர் தங்கினார். இந்த உறவு இருந்தவரை மலைக்கும் கேடில்லை, தங்கியவருக்கும் கேடில்லை.

*

இன்று நடப்பது வேறு. சனிக்கிழமை மாலை இருசக்கர வண்டிகளில் வரும் இளைஞர்கள் நேரே குன்றின்மேல் ஏறுகிறார்கள். பாறை உச்சியில் கூடாரம், நெருப்பு, பாட்டு. விடிந்ததும் இறங்கிவிடுகிறார்கள், பாட்டில்கள் இறங்குவதில்லை. கற்படுக்கைகளின்மேல் காதலர் பெயர்களை வண்ணத்தில் எழுதியிருப்பதை மதுரைக் குன்றுகளுக்குப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டு எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு வார எழுத்து.

நானும் இருபது வயதில் நண்பர்களோடு அப்படி ஓர் இரவைப் பாறைமேல் கழித்தவன்தான் என்பதால் இதை ஒழுக்க உபதேசமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பட்டறிவாகச் சொல்கிறேன். பங்குனி மாதம். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை நள்ளிரவு தாண்டியும் கொதித்தது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. இருட்டில் சுனையைத் தேடி இறங்கப் பயம். விடியற்காலையில் ஆடுகளோடு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துத் திட்டவில்லை. “ராத்திரி இங்கனயா படுத்தீக? கீழ மந்தையில வந்து கேட்டிருந்தா ஒரு பாயக் குடுத்திருக்க மாட்டமா?” என்றார். அந்தச் சொற்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. ஊரைக் கடந்துதான் குன்றுக்கு வந்திருந்தோம். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

பாறை உச்சி குடும்பத்துக்கான இடமன்று என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைப் பாறைமேல் இடி விழும், பாசி வழுக்கும். சுனை பார்க்கச் சிறிதாக இருக்கும், ஆழம் தெரியாது. பனிக்காலமோ மனிதருக்கு இதமானது, ஆனால் பாறை இடுக்குகளில் கூடு கட்டும் வல்லூறுகளுக்கும் பருந்துகளுக்கும் அதுதான் குஞ்சு பொரிக்கும் பருவம். புகை கண்டால் மலைத்தேனீ கலையும். கண்மாயின் உள்வாயும் கூடாது; நீர் வற்றிய நாளில் அது அழகான புல்வெளியாகத் தெரியும், ஒரே இரவு மழையில் தன் உண்மையான பெயரைக் காட்டிவிடும். கரைமேலும் கூடாது, பாம்பு நடமாடும் வழி அது.

மற்றொரு பக்கம், பணம் உள்ளவர்களுக்குக் குன்றுகளின் அடிவாரத்தில் ரிசார்ட் வருகிறது. வேலிக்குள் செயற்கைக் கிராமம், திண்ணை, பனையோலைக் கூரை, மாட்டுவண்டிச் சவாரி. வேலிக்கு வெளியே உண்மையான கிராமம். அங்கு தங்கும் குழந்தை அந்த ஊர்க் குழந்தை ஒன்றோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடும். உச்சியில் தங்குபவர் ஊரைக் கேட்பதில்லை. வேலிக்குள் தங்குபவர் ஊரைப் பார்ப்பதில்லை. இரண்டையும் நண்பருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

*

‘ஊரைக் கேள்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். எந்த ஊரை? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் நான் எழுதுவது வெறும் ஏக்கமாகிவிடும்.

மதுரை வட்டாரச் சாவடிகளும் மந்தைகளும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. சாவடித் திண்ணையில் யார் உட்காரலாம், யார் நின்று பேசவேண்டும் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தது. பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. பழைய சத்திரங்களிலும் சாதிக்கொரு பந்தி இருந்தது. மேலூர் வட்டத்து மேலவளவில், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 சூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தனித்தொகுதி ஊராட்சிகளுக்கு 1996 முதல் பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை, 2006இல்தான் நடந்தது. இந்த மண்ணில் ‘ஊரார் அனுமதி’ என்னும் சொல்லுக்கு இப்படி ஒரு முகமும் உண்டு.

குலதெய்வக் கோயில்களையும் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்து கோயில் பொட்டலில் கூடுவதும், பெட்டி எடுப்பதும், வெட்டவெளியில் இரவைக் கழிப்பதும் இந்த வட்டாரம் முழுக்க நடக்கிறது. மதுரைச் சமவெளியில் மிகப் பழைய குடும்பத் தங்கல் அதுதான் என்பேன். இடத்தைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் சிக்கலே இல்லை. பாட்டனுக்குப் பாட்டன் தேர்ந்துவிட்டான். ஆனால் அது பங்காளிகளின் இடம். பங்காளி அல்லாதவருக்கு அங்கே சாப்பாடு உண்டு, உரிமை கிடையாது.

ஆகவே நான் சொல்லும் ‘ஊர்’ சாவடிப் பெரிய மனிதர்கள் அல்லர். வாக்குரிமை உள்ள எல்லாரும், சேரியும் உள்ளிட்ட எல்லாத் தெருவும், பெண்களும் உட்கார்ந்து பேச உரிமையுள்ள கிராம சபையைச் சொல்கிறேன். அந்தச் சபை எல்லா இடத்திலும் நன்றாக நடக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் மந்தையிலும் சாவடியிலும் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது: உட்கார விடாவிட்டால் அது சட்டப்படி குற்றம் என்று சொல்ல முடியும்.

*

கிராம சபையைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. மதுரையின் கிழக்கே குன்றுகள் இருந்த இடத்தில் இன்று நீர் தேங்கிய சதுரப் பள்ளங்கள் கிடக்கின்றன. கிரானைட் வெட்டி எடுத்ததில் அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் 16,000 கோடி ரூபாய் அளவில் மதிப்பிட்டு மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012இல் அரசுக்கு எழுதியதும், 2014இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரிக்க அமர்த்தியதும் செய்தித்தாள் படிப்பவர் அறிந்தவை. அந்தக் குன்றுகள் ஆவணங்களில் வெறும் புறம்போக்கு. அங்கே வெளியூர்க்காரர் யாரும் போய்த் தங்கியதில்லை. போன பின்பு அழவும் ஆளில்லை.

அரிட்டாபட்டியின் கதை வேறுவிதமாக முடிந்தது. மதுரையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரில் பிராமி எழுத்துள்ள குகைத்தளமும், வட்டெழுத்தோடு கூடிய தீர்த்தங்கரர் சிற்பமும், இலகுலீசர் உருவம் கொண்ட குடைவரைச் சிவன் கோயிலும் சிறு தொலைவுக்குள் இருக்கின்றன. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதலாவது. ஏழு குன்றுகள், அவற்றால் நீர்பெறும் 72 ஏரிகள், 200 சுனைகள், ஏறத்தாழ 250 பறவை இனங்கள் என்பது அரசு தந்த கணக்கு. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் ராசாளிப் பருந்தும் எறும்புதின்னியும் தேவாங்கும் அங்கே உண்டு.

இந்த நிலத்தையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பை டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஒன்றிய அரசு ஏலம் விட்டது. 2024 நவம்பரில் ஏலம் எடுத்த நிறுவனம் அறிவிக்கப்பட்டது. அந்த மாதமே கிராம சபைகள் கூடித் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7 அன்று ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். சனவரி 23 அன்று ஏலம் கைவிடப்பட்டது. காத்தவர்கள் ஊர்மக்கள். ஆனால் அவர்கள் குரலோடு நகரத்தின் குரலும் சேர்ந்தது என்றால், அந்த மலையை நேரில் பார்த்த நகரத்துக் குடும்பங்கள் கொஞ்சமேனும் இருந்தன என்பதும் ஒரு காரணம். 2010 முதல் மதுரையில் நடந்துவரும் ‘பசுமை நடை’யின் பங்கு இதில் சிறிதன்று. விடியற்காலையில் குழந்தைகளோடு நடப்பார்கள், சொ. சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர் கல்வெட்டைப் படித்துச் சொல்வார்; பிறகு இறங்கிவந்து மரத்தடியில் சேர்ந்து உண்டு கலைவார்கள். ஏறியது பார்க்க, உட்கார்ந்தது அடிவாரத்தில்.

யாரும் போகாவிட்டால் மலை காப்பாற்றப்படும் என்று சொல்பவர்களின் கவலை நியாயமானது. கூட்டம் எதைச் செய்யும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் ஆளில்லாத மலையைக் கல்லுடைப்பவரிடமிருந்து யார் காப்பது? எனக்குத் தெரிந்த விடை, குடும்பங்கள் போகவேண்டும், தங்கவும் வேண்டும். ஆனால் மலைமேல் அன்று, மலையை உடையவர்களின் விருந்தாளியாக.

*

நண்பர் பிரான்சில் தங்கும் திடல்களைப் பற்றி மேலும் விசாரித்தேன். 1936இல் தொழிலாளருக்கு ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறை அங்கே சட்டமானது. கையில் நாளும் குறைந்த பணமும் இருந்த குடும்பங்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. காலப்போக்கில் பல சிற்றூர்களின் உள்ளாட்சிகள் தாமே திடல் ஒதுக்கி, குழாய், கழிப்பறை, குளியலறை கட்டி, சிறு கட்டணம் வாங்கி நடத்தத் தொடங்கின. ஊர் ரொட்டிக்கடைக்கும் சந்தைக்கும் அதனால் வரும்படி. அதே சமயம், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் சூழலிலும், குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து 200 மீட்டருக்குள்ளும், அனுமதி பெற்ற திடல் தவிர வேறெங்கும் கூடாரமடிக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. தங்க ஓரிடம் கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் தங்காதே என்கிறார்கள்.

நம்மிடம் தடை மட்டும் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். நல்ல சட்டம். ஆனால் ‘இங்கே தங்கு’ என்று ஒரு பலகையை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊராட்சியின் பெயரிலும் நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிராம ஊராட்சி விரும்பினால் செய்யக்கூடிய பணிகளின் பட்டியலில் தங்கல் இடங்களையும் வண்டிப்பேட்டைகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. மாட்டுவண்டிக் காலத்து நினைவில் யாரோ எழுதிய அந்த வரி இன்றும் உயிரோடு இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்துவார் இல்லை.

பெரிய செலவு வேண்டாம். அடிவாரத்தில், குகைத்தளத்துக்கும் கண்மாய்க்கும் போதிய தொலைவில், நிழலுள்ள ஓர் ஏக்கர் பொது நிலம். குடிநீர்க் குழாய். பெண்கள் அச்சமின்றிப் போய்வரும் கழிப்பறை. ‘அந்தக் காலத்தில் ஓடைப்பக்கம் போனோம்’ என்னும் பேச்சு ஆண்களின் பேச்சு, எந்தப் பெண்ணும் அதைச் சுகமாகச் சொல்லிக் கேட்டதில்லை. ஓர் இரவுக் காவலர். சமைத்துத்தர அந்த ஊர் மகளிர் குழு. மேலே அழைத்துப்போய்க் காட்ட, அந்த ஊரில் படித்த ஒரு பிள்ளை. எந்தத் தெருவிலிருந்து வந்தவரும், எந்த மதத்தவரும் ஒரே கட்டணத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இடமாக அது இருக்கவேண்டும். அப்படி இருக்க முடியாத ஊரில் அது தேவையே இல்லை.

*

நண்பருக்குக் கடைசியில் இப்படி எழுதினேன்.

முதல் இரவை உங்கள் குலதெய்வக் கோயில் பொட்டலில் கழியுங்கள். சிவராத்திரி இல்லாவிட்டால் என்ன, உங்கள் சித்தப்பாவிடம் சொன்னால் பாயும் விளக்கும் தண்ணீரும் வந்துவிடும். பிள்ளைகள் தங்களுக்கென்று இந்த மண்ணில் ஓரிடம் இருப்பதைத் தெரிந்துகொள்ளட்டும். மறுநாள் விடியலில் அரிட்டாபட்டிக்குப் போங்கள். ஊருக்குள் வண்டியை நிறுத்தி, யாரையாவது பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஏறுங்கள். குடைவரையையும் எழுத்துகளையும் பாருங்கள், தொடாதீர்கள். வெயில் ஏறும்முன் இறங்கி, ஊரிலேயே சாப்பாட்டுக்குச் சொல்லி உண்ணுங்கள். அடுத்த நாள் கீழக்குயில்குடிக்குப் போய், ஐயனார் கோயில் ஆலமரத்தடியில் மூட்டையை வைத்துவிட்டு, செட்டிப்புடவையும் பேச்சிப்பள்ளத்தையும் பார்த்து வாருங்கள். தாமரைக் குளத்தருகே பிள்ளைகள் விளையாடட்டும். இரவில் அங்கே தங்கவேண்டாம்; மதுரைக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டாவது இரவுக்கு உங்களுக்குச் சொல்ல என்னிடம் இடமில்லை.

அவருடைய பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. கடிதத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டினாராம். “உங்களுக்குக் குலதெய்வக் கோயில் இருக்கு. இல்லாத சனம் எங்க போய்ப் படுக்கிறது?” என்று கேட்டாராம். ஊரை இழந்து வந்தவர் கேட்ட கேள்வி. இந்தக் கட்டுரையில் நான் சுற்றிவளைத்துச் சொல்ல முயன்றதை அவர் ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

நண்பர் இன்னொன்றும் எழுதியிருந்தார். அவர்கள் வரும் தை மாதத்தில்தான் சனவரி 26 வருகிறது. அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். அவருக்கு அங்கே வாக்கு இல்லை. சித்தப்பாவுக்கு உண்டு. தங்கல் திடல் ஒன்றைப் பற்றி அன்று ஒரு மனு கொடுக்கச் சம்மதித்திருக்கிறாராம். ‘தமிழில் ஒழுங்காக எழுதிக்கொடுங்கள்’ என்று என்னைக் கேட்டிருக்கிறார். சட்டத்தில் வரும் அந்த வரியையும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டேன்.